வெள்ளிக்கிழமைக் கை

காலை ஆறே காலுக்குச் சின்னவள் அக்காவின் அக்குள்களில் கைகொடுத்துத் தூக்கினாள். தூக்கிய பிறகுதான் தெரிந்தது. எதிரிலிருந்து எந்த ஒத்தாசையும் வரவில்லை.

உயிருள்ள உடம்பு, எவ்வளவு நலிந்திருந்தாலும், தூக்குகிறவருக்குக் கொஞ்சம் உதவும். மூச்சை இழுத்துக்கொள்ளும். கழுத்தை நிமிர்த்தப் பார்க்கும். மூன்று வருடமாகத் தினமும் தூக்கியதில் அந்த உதவியின் அளவு சின்னவளின் கைகளுக்குப் பழகியிருந்தது. நேற்று இருந்தது. இன்று இல்லை.

அவள் உடனே கீழே விடவில்லை. அக்காவின் தாடை தன் தோளில் பதிந்திருக்க, கட்டிலோரத்தில் அப்படியே நின்றாள். பக்கத்தில் சக்கர நாற்காலி பிரேக் போட்டபடி தயாராக இருந்தது. குளியலறையில் வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

"தண்ணி போகுது பாரு" என்று சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"குழாயை மூடிட்டு இங்க வாம்மா."

"ஏன், நீ மூடினா ஆகாதா?"

"என் கையில அக்கா இருக்கா."

அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். பார்த்தாள். போய் அக்காவின் கால்களைப் பிடித்தாள். இருவருமாகப் படுக்க வைத்தார்கள். கழுத்து வலிக்காமல் இருக்கத் தலையணையை அம்மா இழுத்துச் சரிசெய்தாள். சரிசெய்த பிறகு கையை எடுத்துக்கொண்டாள்.

ஸ்டூல் மேல் போன் அதிர்ந்தது. அடங்கியது. மறுபடி அதிர்ந்தது. அன்று வெள்ளிக்கிழமை.

*

அக்கா மரச்சாமான் கிடங்கில் சுமை ஏற்றும் வேலை பார்த்தவள். அந்த வேலையில் இருந்த ஒரே பெண். அலமாரியைத் தனியாளாக முதுகில் ஏற்றிப் படியேறுவாள். வேலை முடிந்து நேரே உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போவாள், அங்கேயும் தூக்க. வீட்டில் அம்மா அவளை மாடு என்றாள். சொந்தக்காரர்கள் அவள் இல்லாதபோது வேறு பெயர்கள் சொன்னார்கள். ஒருமுறை மேடைப் போட்டியில் கலந்துகொண்டு மூன்றாவதாக வந்தாள். அந்தப் படம் எப்படியோ கைமாறிக் கைமாறி இணையத்தில் 'புஜபலம்' என்ற குழுவுக்குப் போய்ச் சேர்ந்தது.

தசை வலுத்த பெண்களின் படங்களையும் கதைகளையும் பகிர்ந்துகொள்ளும் ரசிகர்களின் கூட்டம் அது. அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. மளிகை, பல்வைத்தியர், கணக்கு வாத்தியார், பேட்டரி என்றுதான் இருந்தார்கள். ஊசி என்ற பெயரில் ஒரு நர்ஸ் இருந்தாள். அவள் ரசிகையாக வந்து, பிறகு தானும் எடை தூக்க ஆரம்பித்தவள். அசிங்கமாகப் பேசுகிறவனை மளிகை அன்றைக்கே வெளியேற்றிவிடுவார். மற்றபடி சண்டையெல்லாம் தோளா முதுகா என்பதைப் பற்றித்தான் நடக்கும்.

அக்காவின் படத்துக்குக் கீழே முதலில் வந்தது, "இது பொண்ணா, கிரேனா?" என்ற கேள்வி. இரண்டாவது, "கிரேன் அக்கா வாழ்க." அன்றிலிருந்து அவள் கிரேன் அக்கா.

அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் கிரேன் அக்கா மடக்கிய கையைப் படம் எடுத்துப் போடுவாள். எத்தனை இஞ்ச் என்று எல்லோரும் கண்ணாலேயே அளந்து சொல்வார்கள். சாயங்காலம் அவள் டேப் வைத்து அளந்து காட்டுவாள். யார் சொன்னது கிட்டத்தில் இருக்கிறதோ, அவரைக் கிரேன் அக்கா தூக்குவதாக ஒரு கதை வரும். அதை அவளே எழுதுவாள். மளிகையை அரிசி மூட்டையோடு தூக்கினாள். கணக்கு வாத்தியாரைக் கரும்பலகையோடு தூக்கினாள். கதைகள் சின்னவை, சிரிப்பாக இருக்கும். வீட்டில் மாடாக இருந்தவளைக் கேட்க அங்கே ஆயிரக்கணக்கான பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

பிறகு ஒருநாள் கிடங்கில் அவள் கையிலிருந்து ஒரு மேசை நழுவியது. மறுவாரம் இன்னொன்று. நரம்பு சொல்வது தசைக்குப் போய்ச் சேரவில்லை என்றார் டாக்டர். போய்ச் சேர வைக்க மருந்து இல்லை என்றும் சொன்னார்.

வெளியூருக்குப் பயிற்சிக்குப் போவதாகக் கிடங்கில் சொல்லிவிட்டு அக்கா வீட்டுக்குள் வந்து படுத்தாள். கண்ணாடிக்கடையில் லென்ஸ் பொருத்திக்கொண்டிருந்த சின்னவள் வேலையை விட்டாள். யாரும் விடச் சொல்லவில்லை. அம்மாவுக்கு முட்டி வலி. அக்காவைத் தூக்க வீட்டில் வேறு ஆள் இல்லை.

"நான் இப்படி ஆனது அவங்களுக்குத் தெரியக் கூடாது" என்று அக்கா சொன்னாள்.

"சரி, தெரியாது."

"சத்தியமா?"

"சத்தியமா."

அப்படித்தான் ஆரம்பித்தது.

*

மாமா வந்ததும் வீட்டில் வேலைகள் நடக்கத் தொடங்கின. அம்மாவுக்கு ஒரே தம்பி. எந்தக் காரியமானாலும் முதலில் போனை எடுக்கிற மனிதர். டாக்டர் வந்து பார்த்துவிட்டு இறப்புச் சான்று எழுதிக்கொடுத்தார். மத்தியானத்துக்கு வண்டி சொல்லியாயிற்று.

சின்னவளும் அம்மாவும் அக்காவைத் துடைத்து உடுத்தினார்கள். அம்மா பெட்டியின் அடியிலிருந்து ஒரு முழுக்கைச் சட்டையைத் தேடி எடுத்திருந்தாள். ஒரு காலத்தில் அக்காவுக்குத் தோள்பட்டையில் பிடித்த சட்டை. இப்போது அதன் தோள் தையல் முழங்கைக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது.

"வேற எடும்மா. இது தொளதொளன்னு இருக்கு."

"முழுக்கை இதுதான் இருக்கு."

"அரைக்கை போட்டா என்ன?"

"நாலு பேர் வருவாங்க."

சட்டையை முதுகுப் பக்கம் கொசுவி ஊசி குத்தினார்கள். முன்னாலிருந்து பார்த்தால் தெரியவில்லை.

போன் மறுபடி அதிர்ந்தது. மாமா வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"யாரது விடாம அடிக்கிறது? துக்கம் விசாரிக்கிறவங்களா?"

"இல்ல மாமா. அவ கூட்டம்."

"எந்தக் கூட்டம்? அந்தக் கை கால் பாக்கற கூட்டமா?" அவர் குரலைத் தாழ்த்தினார். "செத்தது தெரியுமா அவனுங்களுக்கு?"

"தெரியாது."

"சொல்லாதே" என்றாள் அம்மா. அவள் அக்காவின் மணிக்கட்டில் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள். "சொன்னா இங்க வந்து நிப்பானுங்க. போனை அணை."

சின்னவள் அணைக்கவில்லை. சத்தத்தை மட்டும் குறைத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

மாமா மூன்று கோப்பைகளில் காப்பி வாங்கி வந்தார். அம்மா தொடவில்லை. அவர் ஒரு மிடறு குடித்துவிட்டுப் பொதுவாகச் சொன்னார்.

"அவளும் கஷ்டப்பட்டா. இவளும் கஷ்டப்பட்டா. ஒரு விதத்துல சின்னவளுக்கும் விடுதலைதான்னு வையேன். அந்தக் கண்ணாடிக்கடை அம்மா போன மாசம்கூட என்னைப் பாத்துக் கேட்டாங்க. அவ நாற்காலி அப்படியேதான் கிடக்குதாம். பத்து நாள் போகட்டும், கிளம்பு."

"பொணத்தை வச்சுக்கிட்டுப் பேசற பேச்சாடா இது?"

"நான் என்னக்கா தப்பாச் சொல்லிட்டேன்? நடக்கப்போறதைத்தானே சொல்றேன்."

சின்னவள் காப்பியைக் குடித்தாள். விடுதலை என்ற சொல் காலையிலேயே, வாளி வழிந்துகொண்டிருந்தபோதே, அவளுக்குள் ஒருமுறை வந்து போயிருந்தது. அப்போது அதை அவள் பார்க்காததுபோல இருந்துவிட்டாள். மாமா அதை எடுத்து எல்லோர் முன்னாலும் வைத்துவிட்டார்.

"தூக்க ஆள் வேணுமே" என்றார் மாமா. "மூணு மாடி. லிஃப்டும் கிடையாது. அதான் கிடங்குக்கே போன் போட்டுட்டேன். மேஸ்திரி நாலு பேரோட வரார்."

"கிடங்குக்கா?"

"ஏன், அவ வேலை பாத்த இடம்தானே?"

"அவங்க யாரும் அவளைப் பாக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தா, மாமா."

"எல்லாத்தையும்தான் சொல்லுவா உங்கக்கா. மூணாவது மாடியிலிருந்து அவளே எறங்கிப் போவாளா?"

*

கிடங்கு ஆட்கள் சீருடையோடே வந்தார்கள். ஒவ்வொருவராகச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நின்றார்கள். வண்டியோடு வந்த ஸ்ட்ரெச்சரில் கிடத்தியிருந்த அக்காவுக்குக் கழுத்து வரை போர்த்தியிருந்தது. முகம் மட்டும்தான் தெரிந்தது. அவர்கள் முகத்தைப் பார்த்தார்கள், பிறகு போர்வையைப் பார்த்தார்கள், பிறகு சுவரைப் பார்த்தார்கள்.

"எப்பலேர்ந்து?" என்று மேஸ்திரி கேட்டார்.

"மூணு வருஷம்" என்றாள் சின்னவள்.

"வெளியூர்ல இருக்கான்னு சொல்லிட்டிருந்தோம்." அவர் திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தார். "பிடிங்கப்பா."

முன்னால் இருவர், பின்னால் இருவர். ஸ்ட்ரெச்சரின் நாலு மூலையிலும் குந்தினார்கள். பீரோவோ இரும்புப் பெட்டியோ எடுக்கும்போது எப்படியோ அப்படி. முதுகை நேராக வைத்து, முட்டியில் பலத்தைக் கொடுத்து, வாயை இறுக மூடிக்கொண்டார்கள். கிடங்கில் அவளைக் கேலி செய்ய அவர்களிடம் ஒரு வாசகம் இருந்தது. நீ போனா உன்னை எடுக்க நாலு பேர் பத்தாது, ஃபோர்க்லிஃப்ட்தான் வரணும். அதைச் சொல்லும்போதெல்லாம் அக்கா சிரிப்பாள்.

மேஸ்திரி ஒண்ணு, ரெண்டு என்றார். எடுத்தார்கள்.

ஸ்ட்ரெச்சர் துள்ளியது. இடுப்பளவில் நிற்க வேண்டியது மார்பைத் தாண்டிப் போய் ஒரு பக்கம் சாய்ந்தது. போர்வை நழுவியது. சின்னவள் பாய்ந்து அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். முழுக்கைச் சட்டைக்குள்ளிருந்து ஒரு கை வெளியே விழுந்து ஆடியது.

"என்ன மேஸ்திரி, இதுல ஒண்ணுமே..." என்று ஒருவன் ஆரம்பித்தான்.

"வாயை மூடு. இறக்கு. இறக்கிட்டு மறுபடி எடு."

இறக்கினார்கள். சின்னவள் அந்தக் கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்தாள். இரண்டாம் முறை அவர்கள் கண்ணாடிப் பலகை எடுப்பதுபோல எடுத்தார்கள். படி இறங்கினார்கள். பின்மூலையைப் பிடித்திருந்த ஆளுக்கு மட்டும் மூக்கு ஒழுகியது. துடைக்கக் கை இல்லாமல் தோளில் தேய்த்துக்கொண்டான்.

அம்மா வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். முட்டி வலியால் அவள் கீழே வரவில்லை.

*

தகனக் கூடத்தில் முன்னால் இன்னொருவருடைய முறை இருந்தது. மாமா கையெழுத்துப் போடப் போனார். சின்னவள் நீளமான தாழ்வாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். எதிர்ச்சுவரில், அமைதி காக்கவும் என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே ஒரு மின்விசிறி பெரும் சத்தத்தோடு சுற்றியது.

ஸ்ட்ரெச்சரின் பின்மூலையைப் பிடித்தவன் வந்து, ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்தான். நாற்பது வயதிருக்கும்.

"நான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டறேன். அக்கா இருந்தப்பவே ஓட்டிட்டிருந்தேன்."

"சொல்லியிருக்கா."

"தங்கச்சி, ஒண்ணு கேக்கலாமா? தப்பா எடுத்துக்கக் கூடாது."

"கேளுங்க."

"நான் புஜபலத்துல இருக்கேன்." அவன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "பேட்டரின்னு ஒருத்தன் இருப்பான் பாருங்க. அது நான்தான்."

சின்னவள் திரும்பிப் பார்த்தாள். பேட்டரி ஒருமுறைகூட ஜெயித்தது கிடையாது.

"நீங்களா அது? எப்பவும் ரெண்டு இஞ்ச் கூடவே சொல்லுவீங்களே."

"கொறைச்சுச் சொன்னா மரியாதையா இருக்காதுன்னு." அவன் லேசாகச் சிரித்து, நிறுத்திக்கொண்டான். "கிடங்குல யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா ஓட்டி எடுத்துருவாங்க. அக்காவுக்கும் தெரியாது."

"கடைசி வரைக்கும் தெரியாது."

மின்விசிறி சுற்றியது. அவன் குரலைத் தாழ்த்தினான்.

"போன வெள்ளிக்கிழமை கை போட்டாங்க. நான் பாத்தேன். நல்ல கை. இன்னைக்கு அந்தச் சட்டையிலிருந்து வெளிய வந்த கை..." நிறுத்தினான். "போன வாரம் போட்டது யாரு தங்கச்சி?"

அவன் அவளுடைய முன்கையைப் பார்த்தான். அவள் சட்டைக் கையை மணிக்கட்டு வரை இறக்கிவிட்டிருந்தாள். இருந்தும் அவனுக்குப் போதுமானதாக இருந்தது. எத்தனையோ வருடம் அதையே பார்த்துப் பழகிய கண்.

"எத்தனை நாளா?"

"கதை ரெண்டு வருஷமா. கை மூணு மாசமா."

முதல் வருடம் அக்கா படுத்தபடி சொல்லச் சொல்லச் சின்னவள் அடித்தாள். பிறகு அக்காவின் குரல் தேய்ந்தது. சின்னவள் தானே எழுதி வாசித்துக் காட்டினாள். "நான் அப்படிச் சொல்ல மாட்டேன். மாத்து" என்பாள் அக்கா. சின்னவள் மாற்றுவாள். போகப் போக மாற்றச் சொல்வது குறைந்தது. சின்னவளுக்கு அக்காவைப்போல நகைச்சுவை வந்துவிட்டது, போனில் எழுதும் அந்தச் சதுரப் பெட்டிக்குள் மட்டும்.

படங்கள்தான் தீர்ந்துபோயின. அக்கா முன்பே எடுத்து வைத்திருந்த நூற்றுக்கணக்கான படங்களில், கை இளைக்கத் தொடங்கிய பிறகு எடுத்த கடைசிப் படமும் போட்டாயிற்று. அன்றைக்குக் குளிப்பாட்டுவதற்காகச் சின்னவள் சட்டைக் கையைச் சுருட்டியிருந்தாள். அக்கா ரொம்ப நேரம் அவள் கையைப் பார்த்தாள்.

"இது எங்கிருந்துடி வந்துச்சு?"

"எது?"

"மடக்கு."

சின்னவள் மடக்கினாள். அதுவரை அவளும் கவனித்ததில்லை.

"உன்னைத் தூக்கித்தான்" என்றாள்.

அக்கா சிரிக்கவில்லை. "இதையே போடு" என்றாள்.

குழுவில் பெரிய வாக்குவாதம் நடந்தது. கிரேன் அக்காவின் இடது முன்கையில் மச்சம் இருக்க வேண்டும், எங்கே மச்சம் என்றார் கணக்கு வாத்தியார். இது வலது கை என்றார் பல்வைத்தியர். இல்லை, கண்ணாடியில் எடுத்ததால் இடம் மாறித் தெரிகிறது என்றார் மளிகை, அம்பு போட்டுப் படம் வரைந்தே விளக்கினார். கடைசியில் கண்ணாடி என்று முடிவாயிற்று. கொஞ்சம் இளைத்தாலும் கிரேன் அக்கா மறுபடி பழைய கட்டுக்கு வந்துகொண்டிருப்பதாக எல்லோரும் மகிழ்ந்தார்கள். ஊசி மட்டும் நீளமாக எழுதியிருந்தாள்: "நடுவுல உங்க படங்கள்ல ஏதோ சரியில்லைன்னு பயந்திருந்தேன். இன்னைக்குத்தான் நிம்மதி."

அக்கா அத்தனையையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். முடிந்ததும், "என்னைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் படுக்க வை" என்றாள்.

இதையெல்லாம் சின்னவள் ஃபோர்க்லிஃப்ட்காரனிடம் சொல்லவில்லை. "அவதான் போடச் சொன்னா" என்று மட்டும் சொன்னாள்.

"எனக்குக் கோபமெல்லாம் இல்ல தங்கச்சி. நான் ஒரு வார்த்தை வெளிய விட மாட்டேன். ஆனா நீங்க சொல்லிடுங்க." அவன் அவள் பக்கம் திரும்பினான். "எங்க ஆளுங்கள்ல யாராவது போயிட்டா ஒரு நாள் முழுக்க யாரும் படம் போட மாட்டோம். உள்ள படமில்லாம வெத்துச் சட்டம் மட்டும் போடுவோம். ஒவ்வொருத்தரும் ஒண்ணு. போன வருஷம் ஒரு பெரியவர் போனப்ப பாத்திருப்பீங்களே. பக்கம் பூரா வெத்துச் சட்டமா வந்துச்சு. அக்காவுக்கு அது வேணாமா?"

"சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்."

"சரி. பண்ணியிருக்கீங்க." அவன் எழுந்தான். மாமா கையைக் காட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "இன்னும் எத்தனை வெள்ளிக்கிழமைக்குத் தங்கச்சி?"

*

திரும்பும்போது வண்டியில் முன்சீட்டில் உட்கார்ந்து போனை எடுத்தாள். குழுவில் எல்லோரும் காத்திருந்தார்கள்.

மளிகை: கை எங்கே கிரேன் அக்கா? காலையிலேர்ந்து கல்லாவுல கைவைக்கல.

பல்வைத்தியர்: இங்கே ஒரு ஆள் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருக்கிறார். நான் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கணக்கு வாத்தியார்: லேட்டானா இஞ்ச் கூடுமோ?

பேட்டரி எதுவும் எழுதவில்லை.

அவள் குழுவில் எழுதும் பெட்டியைத் திறந்து, கிரேன் அக்கா இன்று காலை காலமானார் என்று அடித்தாள். காலமானார் அக்காவின் வார்த்தை இல்லை. அழித்துவிட்டு, இறந்துட்டாங்க என்று போட்டாள். அடுத்து, நான், என்று அடித்தாள். அங்கே விரல் நின்றது. இரண்டு வருடமாக அந்தப் பெட்டிக்குள் நான் என்றால் அது அக்கா. சிக்னலில் வண்டி நின்றது, கிளம்பியது, மறுபடி நின்றது. கடைசியில், நான் அவங்க தங்கச்சி, என்று அடித்து முடித்தாள்.

இரண்டே வரி. அனுப்பினால் முடிந்துவிடும். கட்டைவிரல் அம்புக்குறிக்கு மேல் வந்தும் அழுத்தவில்லை. அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அனுப்பலாம் என்று நினைத்துக்கொண்டாள். இவர்களில் யாராவது வாசலில் வந்து நின்றால் அம்மா அதிர்ந்துபோவாள். நாற்காலி காலியாக இருக்கும் கண்ணாடிக்கடையும் ஒருமுறை நினைவில் வந்தது. அங்கே லென்ஸின் ஓரத்தைத் தேய்த்து முடித்ததும் வரும் மெல்லிய தூளை ஊதுவதற்கென்று ஒரு சின்ன ரப்பர் பந்து உண்டு.

மாமா தெருமுனையிலேயே இறங்கிக்கொண்டார். காலையில் வருவதாகச் சொன்னார்.

வீட்டில் அம்மா கட்டிலின் விரிப்புகளை உருவிக் குளியலறையில் போட்டிருந்தாள். சக்கர நாற்காலியை மடித்துச் சுவரில் சாய்த்திருந்தாள். அது அவளுக்கு மடக்க வராது. எப்படி மடக்கினாள் என்று சின்னவளுக்குத் தெரியவில்லை. வெறும் மெத்தையின் ஓரத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் வழியாக இன்னும் வெயில் வந்துகொண்டிருந்தது.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"நேரமாச்சா?"

"முன்னாடி ஒரு ஆள் இருந்தாங்க."

சின்னவள் முகம் கழுவினாள். உட்கார்ந்தால் எழ முடியாது என்று தோன்றியது. சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு விரிப்புகளை நனைக்கத் தொடங்கினாள். போனை வெளியே அலமாரியில் வைத்திருந்தாள்.

"அம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"அந்தப் பசங்க தூக்கினப்ப பாத்தேன்" என்றாள் அம்மா, அவள் சொன்னது காதில் விழாததுபோல. "பொசுக்குன்னு மேல போச்சு பாரு. காத்தடைச்ச பை மாதிரி. அதுலேர்ந்து அதுவேதான் கண்ணுல நிக்குது. முன்னாடி எப்படி இருந்தான்னு நெனச்சு நெனச்சுப் பாக்கறேன், வர மாட்டேங்குது." வெறும் மெத்தையைத் தடவினாள். "நான் எப்பவும் கையை மூடு, தோளை மூடுன்னுதானே கத்துனேன்."

சின்னவள் குழாயை நிறுத்தினாள்.

"அந்தப் போன்ல இருக்கா இல்ல?" என்றாள் அம்மா. "காட்டு."

சின்னவள் ஈரக் கையோடு வந்து போனைத் திறந்து கொடுத்தாள். மேலே தள்ளிக்கொண்டே போக வேண்டும் என்று காட்டினாள். அம்மா போனைக் கை நீட்டித் தூரத்தில் வைத்துக்கொண்டாள். முதலில் அவள் கண்ணில் பட்டது பெட்டிக்குள் இருந்த எழுத்துதான். உதட்டை அசைத்து வாசித்தாள்.

"அனுப்பிட்டியா?"

"இல்ல. உன்கிட்ட சொல்லிட்டு அனுப்பலாம்னு."

அம்மா திரையைப் பார்த்தாள். விரலால் தள்ளினாள். சின்னவள் குளியலறைக்குத் திரும்பினாள். விரிப்பைத் தேய்த்தாள், அலசினாள். கதவு திறந்திருந்தது. அம்மாவின் விரல் தள்ளுவதும் நிற்பதும் தெரிந்தது. நிற்கும்போதெல்லாம் அவள் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள்.

"இவ பேர் பக்கத்துல இருக்கிறது அந்த மேடையில நின்னப்ப எடுத்ததா?"

"ஆமா."

"எண்ணெய் தடவிக்கிட்டாளா?"

"எல்லாரும் தடவிக்குவாங்க."

"முதுகு எங்கப்பாவோடது." மறுபடி தள்ளினாள். ஒரு கதையை வாசித்திருக்க வேண்டும், மூக்கால் ஒரு சத்தம் வந்தது. சிரிப்புத்தான். "பல்லு டாக்டரை நாற்காலியோட தூக்கி மொட்டை மாடியில வச்சுட்டு வந்துட்டாளாம். வாயை மூடுங்க, கொசு போயிரும்னாளாம். இது எப்ப எழுதினா?"

"போன சனிக்கிழமை."

"போன வாரம் அவளுக்குப் பேச்சே இல்லையே."

விரிப்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. அம்மா நிமிர்ந்து குளியலறைப் பக்கம் பார்த்தாள். பிறகு போனைப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் தள்ளினாள். நிறுத்தினாள்.

"இது நீ" என்றாள்.

சின்னவள் விரிப்பை வாளிக்குள் போட்டாள்.

"இது உன் கை. மணிக்கட்டு எலும்பு உனக்குத்தான் இப்படித் துருத்தும். எவனும் கண்டுபிடிக்கலியா?"

"சண்டை போட்டாங்க. அப்புறம் கண்ணாடியில எடுத்ததுன்னு முடிவு பண்ணிட்டாங்க."

"எல்லாரும் அவ கைன்னே நெனச்சுட்டாங்களா?"

"ஆமா."

"இப்பவும்?"

"இப்பவும்தான். இன்னைக்குக் கை எங்கேன்னு கேட்டுட்டிருக்காங்க."

அம்மா கீழே தள்ளி வந்து அன்றைய கேள்விகளை ஒவ்வொன்றாக வாசித்தாள். ஊசி எழுதியிருந்ததை மட்டும் வாய்விட்டு வாசித்தாள். "அக்கா, மெதுவா வாங்க. நீங்க நல்லா இருந்தா போதும்." அவளுடைய கட்டைவிரல் திரையின் அடியில் தேடி எதையோ அழுத்தியது. மறுபடி அழுத்தியது. சின்னவள் அடித்திருந்த இரண்டு வரிகள் எழுத்தெழுத்தாகப் பின்னாலிருந்து குறைந்துகொண்டே போவது விரலின் அசைவிலேயே தெரிந்தது.

சின்னவள் விரிப்பைத் தூக்கினாள். நனைந்த கெட்டித் துணி, கனமாக இருந்தது. ஒரு நுனியைக் குழாயில் மாட்டிக்கொண்டு மறுநுனியை இரண்டு கையாலும் முறுக்கினாள். தண்ணீர் கொட்டி நின்றது. அவள் நிமிர்ந்தபோது அம்மா குளியலறை வாசலில் நின்றிருந்தாள். ஒரு கை சுவரைப் பிடித்திருந்தது. மறுகையில் போனை உயர்த்திப் பிடித்திருந்தாள், ஒரு கண்ணை மூடிக்கொண்டு.

"அதைக் கீழ வை" என்றாள். "அவ மடக்கற மாதிரி மடக்கு, பாப்போம்."